லேக் டிஸ்ட்ரிக்டில் காட்டேஜ் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் இருப்பது லண்டனுக்கு வெளியே. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது ஆரம்பித்த பழக்கம், வருடத்துக்கு ஒரு தடவையாவது இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்ப்ரியாவில் இருக்கும் லேக் டிஸ்ட்ரிக்டுக்குப் போய், நாமே சமைத்துச் சாப்பிடுகிற மாதிரி ஒரு காட்டேஜ் எடுத்துத் தங்கிவிட்டு வருவோம். அதனால் யார் கிளம்பினாலும் போன் எனக்குத்தான் வருகிறது. கேட்பதும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். எல்லாவற்றையும், கேட்டவர்கள் கேட்டபடியே, இங்கே எழுதி வைக்கிறேன்.

காட்டேஜ்னா என்ன? ஹோட்டல் மாதிரிதானே?

இல்லை. முழு வீட்டையும் சாவியோடு உங்களிடம் விட்டுவிடுவார்கள். அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்திரம், வாஷிங் மெஷின் எல்லாம் இருக்கும், ஆள் இருக்காது. காலைச் சாப்பாடு கிடையாது, நடுவில் வந்து படுக்கை விரிக்க மாட்டார்கள், பல்பு போனால் ரிசப்ஷனுக்குப் போன் போட முடியாது. உரிமையாளர் பக்கத்துத் தெருவிலும் இருக்கலாம், ஸ்பெயினிலும் இருக்கலாம்.

காட்டேஜ் என்ற பெயரைப் பார்த்ததும் கல் சுவரும் புகைபோக்கியும் மனதில் வரும். ஸ்லேட் கல்லில் கட்டிய பழைய பண்ணை வீடு, வீடாக மாற்றிய மாட்டுத் தொழுவம் எல்லாம் உண்டுதான். ஆனால் இரண்டாவது மாடி ஃப்ளாட்டையும் அதே பட்டியலில் அதே பெயரில்தான் போடுவார்கள். படத்தைப் பார்ப்பதற்கு முன் விவரத்தைப் படியுங்கள்.

எந்த ஊர்ல எடுக்கிறது? எல்லாம் பக்கம் பக்கமாத்தானே இருக்கு?

வரைபடத்தில் அப்படித்தான் தெரியும். 1951-இல் தேசியப் பூங்காவாகவும், 2017-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாகவும் அறிவிக்கப்பட்ட இந்தப் பகுதியின் பரப்பு சுமார் 2,360 சதுர கிலோமீட்டர். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போக மலையைச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஏறி இறங்க வேண்டும். ஆம்பிள்சைடில் வீடு எடுத்துவிட்டு "வாஸ்டேல் பக்கம்தானே, ஒரு எட்டு போய்விட்டு வரலாம்" என்று கிளம்பினால் ஹார்ட்நாட் கணவாயில் போய் நிற்பீர்கள். அங்கே சில இடங்களில் மூன்றடி போனால் ஓரடி ஏற்றம்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஆம்பிள்சைட் அல்லது கெசிக். இரண்டிலும் நடந்தே கடைக்குப் போகலாம், படகு ஏறலாம், பஸ் பிடிக்கலாம். விண்டர்மியர் ஏரிக்கரையில் இருக்கும் பௌனஸ் கலகலப்பானது. ஆகஸ்டில் கலகலப்பு கொஞ்சம் அதிகம். கிராஸ்மியர் அழகு, ஆனால் சின்ன ஊர். கூட்டமே வேண்டாம் என்றால் மேற்கே எஸ்க்டேல், எனர்டேல் பக்கம் போகலாம். பால் வாங்கக்கூட கார் எடுக்க வேண்டியிருக்கும். அல்ஸ்வாட்டர் ஏரிப் பக்கம் இரண்டுக்கும் நடுவாக இருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான்.

"லேக் வியூ"ன்னு போட்டிருக்கே, ஏரிக்கரையிலேயே இருக்குமா?

ஏரி தெரிகிற வீடு வேறு, ஏரிக்கரை வீடு வேறு. கரையை ஒட்டிய வீடுகள் மிகக் குறைவு, விலையும் அப்படி. "லேக் வியூ" என்றால் ஏதோ ஒரு ஜன்னலிலிருந்து ஏரியின் ஏதோ ஒரு பகுதி தெரிகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு தடவை எடுத்த வீட்டில் பாத்ரூம் ஜன்னலில், அதுவும் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றால், தெரிந்தது. எந்த அறையிலிருந்து தெரியும், எந்த மாதம் எடுத்த படம் என்று கேளுங்கள். இலை உதிர்ந்த பிப்ரவரியில் தெரிகிற ஏரி ஜூலையில் மரத்துக்குப் பின்னால் போய்விடும்.

ஒரு சின்ன விஷயம்: இவ்வளவு ஏரி இருக்கிற ஊரில் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே "லேக்" இருப்பது பாசென்த்வெய்ட் லேக் ஒன்றுக்குத்தான். மற்றவை மியர், வாட்டர், டார்ன். அதனால் "வாட்டர்" என்று முடிகிற இடத்தைக் குளம் குட்டை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

எப்போ புக் பண்ணினா விலை குறைவு?

எல்லாம் பள்ளி விடுமுறையைப் பொறுத்தது. ஈஸ்டர், மே கடைசி வாரம், ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் ஆரம்பம் வரை, அக்டோபர் இறுதி வாரம், கிறிஸ்துமஸ், புத்தாண்டு: இவை சீசன். அதே வீட்டுக்கு நவம்பர் நடுவில் கேட்கிற வாடகையும் ஆகஸ்டில் கேட்கிற வாடகையும் இரண்டு மடங்கு வித்தியாசப்படுவது சாதாரணம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இல்லையென்றால் ஜூன் முதல் பாதியோ செப்டம்பர் நடுவோ போங்கள்.

ஆறு பேருக்கு மேல் என்றாலோ நாயோடு போகிறீர்கள் என்றாலோ, கோடை விடுமுறைக்கு ஒரு வருடம் முன்பே பார்க்க வேண்டும். இரண்டு பேருக்கு என்றால் கடைசி வாரத்தில்கூட கிடைக்கும், தள்ளுபடியும் இருக்கும்.

செவ்வாய்லேருந்து வியாழன் வரைக்கும் போதும். தருவாங்களா?

சீசனில் தர மாட்டார்கள். பல வீடுகளில் ஆள் மாறும் நாள் வெள்ளி அல்லது சனி. காலை பத்து மணிக்கு ஒரு குடும்பம் வெளியே, மாலை நாலு மணிக்கு அடுத்த குடும்பம் உள்ளே. நடுவில் சுத்தம் செய்கிறவர்கள் ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே! அதனால்தான் "இரண்டு மணிக்கு வந்துவிட்டோம், பையை மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா" என்றால் முகம் மாறுகிறது.

சீசன் இல்லாதபோது வெள்ளி முதல் திங்கள் மூன்று இரவு, திங்கள் முதல் வெள்ளி நாலு இரவு என்று பிரித்துத் தருவார்கள். இரண்டுக்கும் வாடகை பெரும்பாலும் ஒன்றாகவோ கிட்டத்தட்டவோ இருக்கும். லீவு கிடைத்தால் நாலு இரவுதான் லாபம்.

பணத்தை எப்படிக் கட்டினா பத்திரம்?

வழக்கமாக முன்பணமாக மொத்தத்தில் கால் பங்கோ மூன்றில் ஒன்றோ கட்டச் சொல்வார்கள். மீதியைப் போவதற்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன் கட்ட வேண்டும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். தவறினால் முன்பணமும் போய் வீடும் போகலாம்.

முடிந்தவரை கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள ஒன்றை கிரெடிட் கார்டில் வாங்கி, விற்றவர் ஏமாற்றினால், கார்டு கொடுத்த வங்கிக்கும் பொறுப்பு உண்டு. முன்பணத்தை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் போதும். ஆனால் உரிமையாளர் சார்பாக ஏஜென்சி பணம் வாங்குகிறது என்றால், ஒப்பந்தம் யாரோடு என்ற கேள்வியைக் கிளப்பி வங்கி மறுத்துப் பார்க்கும். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"நேராக என் வங்கிக் கணக்கில் போட்டால் பத்து சதவீதம் குறைக்கிறேன்" என்று முன்பின் தெரியாதவர் சொன்னால் நின்று யோசியுங்கள். வீட்டுப் படத்தை இணையத்தில் படத் தேடலில் போட்டுப் பாருங்கள். அதே வீடு வேறு பெயரில், வேறு ஊரில் வந்தால் அது வீடே இல்லை, தூண்டில்.

"ஸ்லீப்ஸ் 8"ன்னா எட்டுப் பேர் நிம்மதியாப் படுக்கலாமா?

படுக்கலாம். நிம்மதி வேறு கணக்கு. எட்டில் இரண்டு பேருக்கு ஹாலில் இருக்கும் சோபாதான் கட்டில் என்று இருக்கும். அதில் படுக்கிறவர் எல்லோரும் தூங்கப் போகும்வரை விழித்திருக்க வேண்டும், முதல் ஆளுக்குக் காபி போடும் சத்தத்தில் எழுந்துவிட வேண்டும். எட்டுப் பேருக்கு ஒரே பாத்ரூம் இருக்கலாம். சாப்பாட்டு மேஜையில் எத்தனை நாற்காலி என்று படத்தில் எண்ணுங்கள். வீட்டின் உண்மையான அளவை அது சொல்லிவிடும்.

"ஜிப் அண்ட் லிங்க்" என்று எழுதியிருந்தால், இரண்டு தனிக் கட்டிலாகப் போட்டுக்கொள்ளலாம் அல்லது சேர்த்து ஒன்றாக்கலாம் என்று அர்த்தம். எப்படி வேண்டும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். கைக்குழந்தை கணக்கில் வருமா வராதா என்பது வீட்டுக்கு வீடு மாறும். சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தீ பாதுகாப்பும் காப்பீடும் அந்த எண்ணை வைத்துத்தான். தெரிந்தால் வெளியே போகச் சொல்ல ஒப்பந்தத்தில் இடம் இருக்கும்.

ஊர்லேருந்து அப்பா அம்மா வர்றாங்க. எதைப் பார்த்து எடுக்கணும்?

முதலில் படிக்கட்டு. பழைய வீடுகளில் அது செங்குத்தாக, குறுகலாக, திருப்பத்தோடு இருக்கும். சில இடங்களில் பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டியிருப்பார்கள். கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் அதோடு குளியலறையும் இருக்கிறதா என்று கேளுங்கள். "அப்சைட் டவுன்" வீடு என்று சொன்னால் படுக்கையறை கீழே, ஹாலும் சமையலறையும் மேலே. தூங்க வசதி, ஆனால் ஒவ்வொரு காபிக்கும் மாடி ஏற வேண்டும்.

அடுத்து ஷவர். தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து ஏறி நின்று குளிக்கிற மாதிரி இருந்தால் எழுபது வயதுக்காரருக்கு அது தினசரி மலையேற்றம். "வாக்-இன் ஷவர்" என்று எழுதியிருக்க வேண்டும். கார் நிற்கிற இடத்திலிருந்து வாசல் வரை எத்தனை படி என்பதையும் கேளுங்கள். என் மாமனாரைக் கூட்டிப்போன வருடம் இருபத்திரண்டு படி, ஈரமான ஸ்லேட் கல். மனிதர் அதற்குப் பிறகு இரண்டு நாள் வெளியே வரமாட்டேன் என்று ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஹீட்டரைப் பற்றியும் கேட்க வேண்டும். சில வீடுகளில் காலை இரண்டு மணி நேரம், மாலை நாலு மணி நேரம் என்று நேரம் வைத்திருப்பார்கள். நாமே மாற்றலாமா, அதற்குத் தனியாகக் காசு உண்டா?

துண்டு, போர்வை, சோப்பு எல்லாம் அங்கேயே இருக்குமா?

படுக்கை விரிப்பும் துண்டும் பெரும்பாலும் இருக்கும், ஆனால் எல்லா வீட்டிலும் இல்லை, பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டில் கொடுத்தாலும் அதற்கான விரிப்பை நாம்தான் கொண்டுபோக வேண்டும். டாய்லெட் பேப்பர், பாத்திரம் கழுவும் மெஷினுக்கான மாத்திரை, குப்பைப் பை இவை முதல் இரண்டு நாளுக்கு இருக்கும், அப்புறம் நம் பாடு. உப்பு, எண்ணெய் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

நம்ம சமையல் பண்ணலாமா? ஏதாவது சொல்வாங்களா?

தாராளமாகப் பண்ணலாம், அதற்குத்தானே வீடு எடுக்கிறோம். ஆனால் அடுப்பு என்ன வகை என்று போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இப்போது புதுப்பித்த வீடுகளில் இண்டக்‌ஷன் அடுப்பு நிறைய வந்துவிட்டது. நம் அலுமினிய குக்கரை அதில் வைத்தால் அடுப்பு ஒரு பீப் சத்தம் போட்டுவிட்டு அணைந்துவிடும். பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால்தான் அது வேலைக்காகும். பழைய பண்ணை வீடுகளில் ஆகா என்ற பெரிய இரும்பு அடுப்பு இருக்கும். அது நாள் முழுக்கச் சூடாகவே இருக்கும். தீயைக் கூட்டுவது குறைப்பது கிடையாது, பாத்திரத்தைத்தான் சூடு அதிகமான இடத்துக்கும் குறைவான இடத்துக்கும் நகர்த்த வேண்டும். தோசைக்கு அது பிரமாதம் என்பதை நாங்கள் தற்செயலாகக் கண்டுபிடித்தோம்.

பத்துப் பேர் வீட்டிலும் பெரிய பாத்திரம் இருக்காது. அவர்கள் கணக்கு பாஸ்தா வேகவைக்கிற அளவு. சோறு வடிக்க ஒரு பெரிய பாத்திரம், நல்ல கத்தி ஒன்று, கரண்டி இரண்டு எடுத்துப்போவது எங்கள் வழக்கம். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸியின் பிளக் இங்கே சாக்கெட்டில் நுழையாது. அடாப்டரை மறந்து தேங்காய்ச் சட்னி இல்லாமல் போன விடுமுறை ஒன்று உண்டு.

தாளிப்பதுதான் ஆபத்து. ஹாலும் சமையலறையும் ஒன்றாக இருக்கும் வீடுகளில் புகை அலாரம் கூரையில் இருக்கும். ஒரு இரவு கடுகு வெடித்து, மிளகாய் கருகி, அலாரம் அலற, ஏழு பேரும் சாக்ஸோடு மழையில் நின்றோம். நான் நாற்காலியில் ஏறி நின்று பாத்திரம் துடைக்கிற துணியால் கூரைக்கு விசிறிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. எக்ஸாஸ்டைப் போடுங்கள், ஜன்னலைத் திறங்கள், ஹால் கதவு இருந்தால் மூடுங்கள். அலாரத்தை மட்டும் கழற்றாதீர்கள், பிளாஸ்டிக் பையைக் கட்டாதீர்கள்.

அப்புறம் மஞ்சள். வெள்ளைக் கல் மேடையில் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் காலையிலும் அது அங்கேதான் இருக்கும்.

சாமான் எங்கே வாங்குறது?

அரிசி, பருப்பு, மசாலாவை வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள். பால், காய்கறிக்குக் கெண்டலிலும் பென்ரித்திலும் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் உண்டு, போகிற வழியில் நிறுத்தலாம். விண்டர்மியர் ரயில் நிலையத்தை ஒட்டியே பூத்ஸ் கடை இருக்கிறது, கெசிக்கிலும் ஒன்று. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் காட்டேஜ் வாசலிலேயே இறக்கும் இடங்களும் உண்டு. டெலிவரி நேரத்தை நாலு மணிக்கு முன்னால் போட்டுவிடாதீர்கள், காரணம் மேலே சொல்லியிருக்கிறேன்.

கார் இல்லாம போக முடியுமா?

முடியும், ஊரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். லண்டன் யூஸ்டனிலிருந்து ஆக்ஸன்ஹோமுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் போல. அங்கே மாறினால் விண்டர்மியருக்கு இருபது நிமிடம். விண்டர்மியர், ஆம்பிள்சைட், கிராஸ்மியர், கெசிக் நாலையும் 555 என்ற பஸ் இணைக்கிறது. இந்தக் கோட்டின் மேல், பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும் தூரத்தில் வீடு எடுத்தால் கார் வேண்டாம். கெசிக்குக்கு ரயில் கிடையாது, 1972-இல் நிறுத்திவிட்டார்கள்; பென்ரித்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.

காரில் போகிறவர்களுக்கு வேறு கவலை. பௌனஸ், ஆம்பிள்சைட், கிராஸ்மியர் நடுவில் வீடு எடுத்தால், காருக்குத் தனி இடம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "அருகில் பார்க்கிங் உண்டு" என்றால் காசு போட்டு நிறுத்தும் பொது இடம் என்றே அர்த்தம்.

அந்த ரோடெல்லாம் ரொம்பக் குறுகலாமே?

சில ரோடு ஒரு கார் அகலம்தான். இரண்டு பக்கமும் கல் சுவர், நடுவில் புல். எதிரே கார் வந்தால், ஒதுங்கும் இடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்னால் போக வேண்டும். ரிவர்ஸ் எடுக்கத் தயங்குகிறவர் ஓட்ட வேண்டாம். போஸ்ட்கோடை மட்டும் நம்பி நேவிகேஷன் போட்டால் ஏதோ ஒரு பண்ணை வாசலில் கொண்டுபோய் விடும். உரிமையாளர் அனுப்பும் வழிக்குறிப்பை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக டிசம்பரில். மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

போன் சிக்னல், வைஃபை எப்படி?

பள்ளத்தாக்குகளில் சிக்னல் சுத்தமாக இல்லாத இடங்கள் உண்டு. வைஃபை பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது, வேகத்துக்கு உத்தரவாதமில்லை. அங்கிருந்து வீடியோ மீட்டிங்கில் சேர வேண்டும் என்றால், வேகத்தை அளந்து படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சாவி, வாசலில் எண் பூட்டுப் போட்ட ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கும். அந்த எண் உங்கள் மின்னஞ்சலில் இருக்கும். மின்னஞ்சல் திறக்க சிக்னல் வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பெட்டி பெரும்பாலும் கதவருகே இருக்காது. விறகு அடுக்குக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் இருக்கும். டார்ச் வேண்டும்.

விறகு அடுப்பு இருக்குன்னு போட்டிருக்காங்க. அதை எப்படிப் பத்த வைக்கிறது?

கதவு வைத்த இரும்பு அடுப்பு அது. முதலில் காற்றுத் திறப்பை முழுக்கத் திறந்து, சின்னச் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, பற்றவைக்கும் கட்டி ஒன்றை நடுவில் வைத்துக் கொளுத்துங்கள். சுள்ளி நன்றாகப் பிடித்த பிறகுதான் பெரிய கட்டை. அப்புறம் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். முதல் கூடை விறகு இலவசமாக இருக்கும், அது ஒரு மாலைக்குக் காணும்.

மேற்கொண்டு வாங்கினால் பையில் "ரெடி டு பர்ன்" முத்திரை பாருங்கள், ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் போகாத விறகு என்று பொருள். வெளியில் கிடக்கும் ஈரக் கட்டையைப் பொறுக்கிப் போட்டால் கண்ணாடி கறுத்து, வீடு முழுக்கப் புகைந்து, மேலே சொன்ன அலாரக் கதை மறுபடி நடக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று இன்னொன்று அந்த அறையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுப்பைத் தொடாமல் உரிமையாளரிடம் கேளுங்கள்.

குழாய்த் தண்ணி குடிக்கலாமா?

ஊருக்குள் இருக்கும் வீடென்றால் யோசிக்கவே வேண்டாம். ஒதுக்குப்புறப் பண்ணை வீடுகளில் மலை ஊற்றுத் தண்ணீரே குழாயில் வரும். வடிகட்டியும் புற ஊதா விளக்கும் வைத்துச் சுத்தம் செய்திருப்பார்கள். சமையலறை மேடைக்குக் கீழே ஒரு சுவிட்சில் "அணைக்காதே" என்று எழுதியிருந்தால் அதுதான் அந்த விளக்கு. போன் சார்ஜ் போட அதைப் பிடுங்கிவிடாதீர்கள். பெருமழைக்குப் பிறகு தண்ணீர் லேசாகப் பழுப்பாக வந்தால் உரிமையாளரைக் கேட்கும்வரை கொதிக்க வைத்துக் குடியுங்கள், கைக்குழந்தைக்கு எப்போதுமே அப்படித்தான்.

அதே மாதிரி வீடுகளில் கழிவும் செப்டிக் டேங்குக்குத்தான் போகும். ஈரத் துடைப்பான், டயபர், சமையல் எண்ணெய் எதுவும் அதற்குள் போகக் கூடாது. அடைத்துக்கொண்டால் அதை எடுக்க வருகிற லாரிக்கான செலவு உங்கள் தலையில்.

மழை பெஞ்சுக்கிட்டே இருக்குமாமே?

பெய்யும். பாரோடேலில் இருக்கும் சீத்வெய்ட், இங்கிலாந்தில் ஆள் வசிக்கும் இடங்களிலேயே அதிக மழை பெறுவது. வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல். ஏரிகளில் தண்ணீர் இருப்பதே அதனால்தான். ஈர பூட்ஸும் கோட்டும் காயவைக்க வாசலருகே ஓர் அறை இருக்கிற வீடாகப் பாருங்கள். நீச்சல் தொட்டி, ஹாட் டப் எல்லாம் அதற்கு அப்புறம்.

நேத்துதான் புக் பண்ணினேன். 14 நாளுக்குள்ள கேன்சல் பண்ணினா முழுப் பணமும் வந்துடுமே?

வராது. அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆன்லைனில் வாங்கும் பொருளுக்கு 14 நாள் அவகாசம் தருவது 2013-ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகள். குறிப்பிட்ட தேதிக்கு எடுக்கும் தங்குமிடம் அந்த உரிமையிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறது. அதனால் ரத்து செய்தால் என்ன கிடைக்கும் என்பதை அந்த வீட்டு ஒப்பந்தம்தான் சொல்லும். போகும் நாள் நெருங்க நெருங்கக் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒன்றும் இல்லை என்று முடிவது வழக்கம்.

புக் செய்த அன்றைக்கே பயணக் காப்பீடு எடுங்கள். பிரிட்டனுக்குள் போகும் பயணத்தைச் சேர்க்கிறதா, குறைந்தது எத்தனை இரவு தங்க வேண்டும் என்கிறது, பெற்றோருக்கு உடம்பு முடியாமல் போனாலும் தருமா என்று மூன்றையும் பாருங்கள்.

புயல், வெள்ளம் வந்து போக முடியலேன்னா?

வீடு உங்களுக்குத் தர முடியாத நிலையில் இருந்தால் பணம் திரும்பி வர வேண்டும். 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் வந்தபோது கிளென்ரிடிங் கிராமத்தில் வெள்ளம் புகுந்தது, பூலி பிரிட்ஜில் பாலமே அடித்துக்கொண்டு போனது. 2021 நவம்பரில் ஆர்வென் புயலுக்குப் பிறகு சில இடங்களில் ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் உரிமையாளர்களே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள்.

சிக்கல் வேறு இடத்தில். வீடு நன்றாக இருக்கிறது, விளக்கு எரிகிறது, உங்கள் ஊரில் பனி, காரை எடுக்க முடியவில்லை. அப்போது பொதுவாக உரிமையாளர் பணம் தரக் கடமைப்பட்டவர் இல்லை; காப்பீட்டைத்தான் பார்க்க வேண்டும். நடுவில் இருப்பது இப்படி: டெஸ்மண்டுக்குப் பிறகு கிராஸ்மியருக்கும் கெசிக்குக்கும் நடுவே ஏ591 சாலை 2016 மே வரை மூடிக் கிடந்தது. வீட்டுக்குப் போகலாம், ஆனால் பெரிய சுற்று. அதற்காக ரத்து செய்ய முடியாது, கேட்டால் தேதி மாற்றித் தருவார்கள். கேட்கிற விதத்தில் கேட்டால்.

போய்ப் பார்த்தா படத்துல இருந்த மாதிரி இல்லை. என்ன பண்றது?

அன்றைக்கே சொல்லுங்கள். ஒரு வாரம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து நீளமாக மின்னஞ்சல் அனுப்பினால், "அப்போதே சொல்லியிருந்தால் சரிசெய்திருப்போமே" என்பார்கள், அதில் நியாயமும் இருக்கும். படம் எடுங்கள், போனில் சொன்னதையே எழுத்திலும் அனுப்புங்கள். எது விவரத்தில் இருந்ததோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: "மூன்று படுக்கையறை என்றீர்கள், மூன்றாவதில் ஜன்னலே இல்லை." ஆட்டு வாசனை, சேவல் சத்தம் இதற்கெல்லாம் ஒன்றும் கிடைக்காது.

ஒண்ணும் உடைக்கலை, ஆனா டெபாசிட்ல பிடிச்சுட்டாங்க. விடலாமா?

எங்களுக்கும் நடந்தது. மேடையில் மஞ்சள் கறை என்று சொல்லி நாற்பது பவுண்டு பிடித்தார் ஒரு உரிமையாளர். நாங்கள் போவதற்கு முன்பே இருந்த கறை அது. எங்களிடம் ஆதாரம் இல்லை. மஞ்சள் என்றதும் நாங்கள்தான் என்று அவர் யோசிக்காமலே முடிவு கட்டியிருப்பார்! அன்றிலிருந்து உள்ளே நுழைந்ததும் முதல் வேலை, பையைக்கூட இறக்காமல், ஒவ்வொரு அறையாக இரண்டு நிமிட வீடியோ. சமையல் மேடை, சோபா, சுவர், கம்பளம். கிளம்பும்போது இன்னொன்று. வீடியோ இருந்தால் விடாதீர்கள். ரசீது கேளுங்கள், எதற்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

பக்கத்துல இன்னொரு குடும்பம் தங்கியிருக்காங்க. சாயங்காலம் எல்லாரும் எங்க காட்டேஜ்ல சாப்பிடலாமா?

எட்டுப் பேர் வீட்டில் பதினாறு பேர் என்றால் கேட்காமல் செய்யாதீர்கள். எண்ணிக்கை பற்றி மேலே சொன்னது பகல் விருந்தாளிக்கும் பொருந்தும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். ஒரு வரி அனுப்பிக் கேட்டால், நாலு பேர் வந்து சாப்பிட்டுப் போவதற்கு யாரும் மறுப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் அங்கேயே வாழ்கிறவர்கள், மறுநாள் விடிகாலை ஆட்டைப் பார்க்கப் போக வேண்டியவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு வீடு கிடைக்காமல் போவதற்கு நம்மைப் போல வந்து போகிறவர்களுக்கான வீடுகளும் ஒரு காரணம் என்ற வருத்தம் அங்கே உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு வெளியே நின்று அந்தாக்‌ஷரி வேண்டாம்.

குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்கி வேலை பார்க்கலாமா? வாடகை குறைவா இருக்கே.

சிலர் தருவார்கள். ஆனால் அது விடுமுறை வாடகை என்றே எழுதப்படும். 1988-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் சாதாரண வாடகைதாரருக்குத் தரும் பாதுகாப்பிலிருந்து விடுமுறைக்காக எடுக்கும் வீட்டை விலக்கிவிடுகிறது. தேதி முடிந்ததும் கிளம்ப வேண்டியதுதான். உண்மையில் நீங்கள் விடுமுறைக்கு வரவில்லை, குடியிருக்க வருகிறீர்கள் என்றால், இரண்டு பேருமே காகிதத்தில் ஒன்றும் நடப்பில் ஒன்றுமாக வைத்துக்கொள்வது நல்லதல்ல. அதற்கு வேறு ஒப்பந்தம் கேளுங்கள்.

கிளம்பும்போது வீட்டைச் சுத்தம் பண்ணிட்டுத்தான் போகணுமா?

துடைத்து மெழுக வேண்டாம், அதற்கு ஆள் வரும். பாத்திரம் கழுவியிருக்க வேண்டும், குப்பையை மறுசுழற்சி வேறு மற்றது வேறு என்று பிரித்து வெளியே வைக்க வேண்டும், ஃப்ரிட்ஜைக் காலி செய்ய வேண்டும், விறகு அடுப்புச் சாம்பல் ஆறிய பிறகுதான் அள்ள வேண்டும். முந்தின இரவே ஜன்னல்களைத் திறந்து வைத்தால் சாம்பார் வாசனை கொஞ்சம் குறையும்.

ஹால் மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும், வந்தவர்கள் எழுதிவிட்டுப் போவதற்கு. போய் இறங்கிய அன்று மாலையே அதைப் படியுங்கள். உரிமையாளர் சொல்லாததெல்லாம் அதில்தான் இருக்கும்: ஷவரில் சிவப்புப் பக்கம்தான் குளிர்ந்த தண்ணீர், பின்கதவைத் தூக்கித் தள்ளினால்தான் பூட்டும், எதிர்க் காட்டேஜ் பூனைக்கு இரண்டு வீட்டில் சாப்பாடு நடக்கிறது, நம்பாதே. கிளம்பும்போது நீங்களும் நாலு வரி எழுதிவிட்டு வாருங்கள். தமிழிலேயே எழுதலாம். கிளென்ரிடிங்கில் ஒரு வீட்டில் எங்களுக்கு முன்பே யாரோ எழுதியிருந்தார்கள்: "குக்கர் வேலை செய்கிறது, இடது பக்க அடுப்பில் மட்டும்."